ரிமோட்டும் ஆட்டுரலும்

அப்பாவோட ஆல்டோவுக்கு நானே அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும் மாட்டின கதையை எழுதச் சொல்லி நண்பர் ஒருத்தர் ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டு இருந்தார். பாதி கதைதான் அவருக்குத் தெரியும். மீதியை யார்கிட்டயும் சொல்லலை. இன்னைக்கு சொல்லிடுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, காப்பி டம்ளரோட உக்காருங்க.

வண்டி 2010-ல வாங்கினது. அப்பா ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரீசியனா முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவர். அவர் வாங்கின முதல் கார், அநேகமா கடைசி காரும் அதுதான். அதைத் துடைக்கிறதுக்குன்னே தனியா ஒரு துண்டு வெச்சிருக்கார். அந்தத் துண்டை எடுத்து நான் மூஞ்சி துடைச்சுட்டேன்னு ஒரு தடவை ரெண்டு நாள் பேசலை.

எங்க தெருவுல போன வருஷ ஆரம்பத்துல ரெண்டு வண்டியில பானெட்டைத் தூக்கி பேட்டரியைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. ராஜபாளையத்துல போய் அலாரம் வாங்குறதான்னு நீங்க கேக்கலாம். ஊர் பேரே ஒரு காவல் நாய்க்கு வெச்ச மாதிரி இருக்கு, 2005-ல தபால்தலை வரைக்கும் போட்டு கவுரவிச்ச நாய். எதிர்வீட்டுல ஒண்ணு இருக்கு. வெள்ளை வெளேர்னு, ரோஸ் மூக்கோட, ராஜா மாதிரி. பேட்டரி போன ரெண்டு ராத்திரியும் அது நிம்மதியா தூங்கிச்சு. சரி, எலக்ட்ரானிக்ஸை நம்புவோம்னு முடிவு பண்ணேன்.

நமக்குத்தான் பி.இ. எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு பட்டம் சும்மா சட்டம் போட்டுத் தொங்குதே. படிச்சது ட்ரான்சிஸ்டர், பாக்குறது ஜாவா. காலேஜ் லேபுக்கு அப்புறம் சால்டரிங் அயர்ன் கையில புடிச்சதே கிடையாது. கடையில குடுத்தா மூணு மணி நேரத்துல மாட்டிக் குடுத்துடுவான்தான். ஆனா ஒரு பொட்டி தட்டுறவனுக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கிற இன்ஜினியர் எப்பவாவது முழிச்சுக்குவான் பாருங்க, அன்னைக்கு முழிச்சுக்கிட்டான்.

சென்னையில ஜி.பி. ரோட்டுல கிட் வாங்கினேன். பேர் இல்லாத சரக்கு. ஒரு கன்ட்ரோல் பெட்டி, சைரன், அதிர்ச்சி சென்சார், ரெண்டு ரிமோட், நூடுல்ஸ் மாதிரி வயர். கூடவே கதவுகளுக்கு சென்ட்ரல் லாக் மோட்டார் நாலு. ரிலே, டயோடு, ஹீட் ஷ்ரிங்க் ட்யூபெல்லாம் ரிச்சி தெருவுல. எல்லாத்தையும் பையில அடைச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறினேன். பையில வயரும் பெட்டியும் இருந்த லட்சணத்துக்கு யாரும் நிறுத்தி விசாரிக்காதது ஆச்சரியம்தான்.

பெட்டிக்குள்ள இருந்த கையேட்டைப் பத்தி ஒரு வார்த்தை. சீன மொழியில யோசிச்சு, இங்கிலீஷ் தெரியாதவர் கையால எழுதின புத்தகம். அதுல கடைசிக்கு முந்தின பக்கத்துல சின்ன எழுத்துல ஒரு எச்சரிக்கை இருந்துச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

அலாரத்தோட அடிப்படை சுலபம்தான். கதவு திறந்தா உள் விளக்கு எரியுதில்ல, அந்த சுவிட்சைத்தான் பெட்டி வேவு பாக்கும். கதவு சட்டத்துல ஒரு சின்ன ரப்பர் தொப்பி போட்ட பின் சுவிட்ச். ஆயுதம் பூட்டின நிலையில அது அழுந்தாம வெளிய வந்தா திருடன்னு அர்த்தம். யாராவது தட்டினா, அசைச்சா அதிர்ச்சி சென்சார் சொல்லும். சைரன் ஊதும், இண்டிகேட்டர் மின்னும், ஸ்டார்ட்டருக்குப் போற வயர் வெட்டுப்பட்டு நிக்கும்.

அந்த வெட்டுற வேலை ரிலேயோடது. கார் ரிலேயைத் திருப்பிப் பாத்தா 30, 85, 86, 87, 87ஏன்னு நம்பர் போட்டிருக்கும். நிறைய நாட்டு கார்கள்ல அதே நம்பர்தான். ஜெர்மன்காரங்க டி.ஐ.என். 72552-ன்னு ஒரு தரக்குறியீடு போட்டு வெச்சாங்க, உலகத்துல நிறைய பேர் அதைப் புடிச்சுக்கிட்டாங்க. நான் இதையெல்லாம் நெட்ல ராத்திரி பூரா படிச்சு மனப்பாடம் பண்ணிட்டு வந்து அப்பாகிட்ட விளக்கினேன். அவர் ரிலேயை வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தார்.

"காண்டாக்டர்தானே? 85, 86 காயிலு. 87 நார்மலி ஓப்பன், 87ஏ நார்மலி குளோஸ். மில்லுல இதுல தேங்கா சைசுல இருக்கும்."

அவ்வளவுதான். ராத்திரி பூரா படிச்சது நாலு வரியில முடிஞ்சுபோச்சு.

ரெண்டு நாள் வேலை. சனிக்கிழமை கதவு அட்டைகளைக் கழட்டி லாக் மோட்டார் மாட்டினது. டிரைவர் கதவுக்கு அஞ்சு வயர் மோட்டார், மத்த மூணுக்கும் ரெண்டு வயர். ஏன்னா டிரைவர் கதவு மோட்டார் வேலை மட்டும் பாக்காது, நான் பூட்டிட்டேன்னு தகவலும் சொல்லணும். கதவுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்குற ரப்பர் குழாய்க்குள்ள வயரை நுழைக்கிறதுக்குள்ள என் விரல் தோல் உரிஞ்சுபோச்சு. சைக்கிள் பிரேக் கம்பியில வயரைக் கட்டி இழுக்கிற வித்தையை அப்பா சொல்லித் தந்தார். அதுக்கு முன்னாடி நான் வீணாக்கின ஒன்றரை மணி நேரத்தை அவர் திண்ணையில உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டுதான் இருந்தார்.

ஞாயித்துக்கிழமை ஸ்டியரிங்குக்குக் கீழே. தலைகீழா படுத்துக்கிட்டு, கால் ரெண்டும் சீட்டு மேல, வாயில டார்ச். சாவி சுவிட்சுல இருந்து வர்ற வயர்கள்ல எது எதுன்னு கண்டுபிடிக்கணும். நெட்ல இருக்குற நிற அட்டவணையை நம்பக்கூடாது, மல்டிமீட்டரை மட்டும்தான் நம்பணும். சாவி எடுத்தாலும் 12 வோல்ட் இருந்தா பேட்டரி வயர். சாவி திருப்பினதும் வந்து, ஸ்டார்ட் அடிக்கிறப்போ செத்துப்போய், மறுபடி உயிர் வந்தா அது ரேடியோவோட வயர். ஸ்டார்ட் அடிக்கிறப்பவும் சாகாம நின்னா இக்னிஷன். ஸ்டார்ட் அடிக்கிற நேரம் மட்டும் வந்தா ஸ்டார்ட்டர். இது மட்டும் எனக்கு உண்மையிலேயே ரொம்பப் புடிச்சது. எந்த டாக்குமென்டும் இல்லாத பழைய கோடை, உள்ளீடு குடுத்து வெளியீடு பாத்தே புரிஞ்சுக்கிற மாதிரி.

வயரை முறுக்கி டேப் சுத்தப் போனேன். அப்பா கையைத் தட்டிவிட்டார். "கல்யாண வீட்டு சீரியல் லைட்டா இது? பத்த வை." ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் பண்ணி, ட்யூப் போட்டு, அவர் இழுத்துப் பாத்து பாஸ் பண்ணதுக்கு அப்புறம்தான் அடுத்தது. சைரனை வாய் மேல பாத்த மாதிரி மாட்டினேன், கழட்டி கீழ பாத்த மாதிரி மாட்டச் சொன்னார். மழைத்தண்ணி நிக்குமாம். முப்பது வருஷத்துல அவர்கிட்ட இவ்வளவு நேரம் சேர்ந்தாப்ல நான் பேசினதே கிடையாது. பேசினதெல்லாம் "இதைப் புடி", "அதைக் குடு"தான். இருந்தாலும்.

இப்ப ரிமோட் ஸ்டார்ட். எங்க வீட்டு வாசல் திறந்த சிமென்ட் தரை. வண்டி வெயில்லதான் நிக்கும். சித்திரை வெயில்ல மத்தியானம் ஸ்டியரிங்கைத் தொட்டா கை கொப்புளிக்கும். அம்மாவுக்கு முட்டுவலிக்கு மாசம் ரெண்டு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும். பன்னெண்டு கிலோமீட்டர்தான், ஆனா வண்டி குளிர்றதுக்குள்ள ஊரே வந்துடும். கிளம்புறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ரிமோட்டை அமுக்கினா இன்ஜின் ஓடி, ஏ.சி. ஓடி, ஜம்முனு ஏறி உக்காரலாமே. ஹூண்டாய் வென்யூ 2019-ல வந்தப்போ போன்லயே இன்ஜின் ஸ்டார்ட் பண்ணலாம்னு விளம்பரம் போட்டாங்க இல்ல, அதை ஆயிரத்து சொச்சம் ரூபாய்ல ஆல்டோவுக்கு நான் பண்ணிக் காட்டுறேன்னு ஒரு வீம்பு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அந்த ஆல்டோ சாவித் தலைக்குள்ள ஒரு சிப் இருக்கு. அது பக்கத்துல இல்லைன்னா இன்ஜின் ஓடாது. ரிமோட்ல ஸ்டார்ட் பண்ணணும்னா சாவி இல்லாமலே சாவி இருக்குன்னு வண்டியை ஏமாத்தணும். அதுக்கு என்ன பண்ணுவாங்கன்னா, ரெண்டாவது சாவியை ஒரு சின்னப் பெட்டிக்குள்ள வெச்சு, டேஷ்போர்டுக்குப் பின்னாடியே கட்டிடுவாங்க. திருடனுக்குப் பயந்து அலாரம் மாட்டப் போய், வீட்டுச் சாவியை வாசப்படியிலயே வெச்ச கதை. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலை.

இன்ஷூரன்ஸ்ல தள்ளுபடி கிடைக்கும்னு வேற அப்பாகிட்ட அளந்து விட்டிருந்தேன். 2002 மோட்டார் டாரிஃப்படி புனேவுல இருக்குற ஏ.ஆர்.ஏ.ஐ. ஒப்புதல் குடுத்த கருவியா இருக்கணும், மாட்டினதுக்கு ஆட்டோமொபைல் அசோசியேஷன் சான்றிதழ் தரணும். அப்ப சொந்த சேத பிரீமியத்துல ரெண்டரை சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். எங்க கிட்டுக்கு ஒப்புதல் குடுக்க யாருக்கும் பேரே தெரியாது. தள்ளுபடி கோவிந்தா.

முதல் ரெண்டு வாரம் அலாரம் எங்களைத்தான் திருடனாக்கிச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரத வீதிப் பக்கம் நிறுத்திட்டு ஆண்டாளைச் சேவிக்கப் போனோம். யார் வீட்டு மாப்பிள்ளை அழைப்போ, சரவெடி கொளுத்தினாங்க. நாங்க பிரகாரத்துல இருக்கோம், வெளிய சைரன். எனக்கு மட்டும் அது எங்க வண்டின்னு தெரியும். முகத்தை பக்தியா வெச்சுக்கிட்டு வேகமா நடந்தேன். திரும்பி வந்து பாத்தா நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திட்டு எங்க வண்டியை முறைச்சுக்கிட்டு நிக்கிறார். அதிர்ச்சி சென்சார்ல ஒரு சின்ன திருகு இருக்கும், அதை அன்னைக்கே பாதி திருப்பிக் குறைச்சேன்.

அடுத்தது இன்னும் மோசம். அப்பா தனியா ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கார். பால்கோவா வாங்கிட்டு வந்து பாக்குறார், ரிமோட் பேட்டரி காலி. சாவி போட்டுக் கதவைத் திறந்துட்டார். பெட்டிக்கு என்ன தெரியும்? பூட்டின வண்டியை யாரோ திறந்துட்டான். ஊஊஊன்னு ஆரம்பிச்சுடுச்சு. எனக்குப் போன். நான் சென்னையில வெள்ளைக்காரனோட கால்ல இருக்கேன்.

"ஏய்யா, இது கத்துது. கூட்டம் கூடிருச்சு. நான் களவாணி மாதிரி நிக்கிறேன்."

"அப்பா, ஸ்டியரிங்குக்குக் கீழ இடது பக்கம் கையை விடுங்க. சாவியை ஆன் பண்ணி பத்து செகண்டுக்குள்ள ஒரு பட்டனை அமுக்கணும்."

"பட்டனே இல்லையே?"

இருக்கு. திருடன் கண்ணுல படக்கூடாதுன்னு நான் அவ்வளவு சாமர்த்தியமா ஒளிச்சு வெச்சிருந்தேன். பட்டனைத் தடவிக் கண்டுபிடிக்க அவருக்குப் பதினோரு நிமிஷம் ஆச்சு. ப்ரொடக்‌ஷன் சர்வர் விழுந்தப்போ கூட நான் அவ்வளவு வேர்த்து விறுவிறுத்தது இல்லை. ராத்திரி போன்ல, "ஒளிச்சு வைக்கிறது சரி, ஒளிச்ச எடத்தைச் சொல்லி வைக்கணும்ல"ன்னார். அவ்வளவுதான் திட்டு. பட்டனுக்கு ஒரு சிவப்பு டேப் ஒட்டிட்டாராம். திருடனுக்கும் வசதி.

இதுவரைக்கும் சிரிக்கலாம்.

கையேட்டுல கடைசிக்கு முந்தின பக்கம்னு சொன்னேன் இல்லையா. ரிமோட் ஸ்டார்ட் குளிர் நாடுகள்ல பிரபலமானது. அங்க பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர். பார்க்குல போட்டிருந்தா இன்ஜின் ஓடினாலும் வண்டி நகராது. நம்ம வண்டி கையால கியர் போடுறது. முதல் கியர்ல விட்டுட்டுப் போன வண்டியை ஸ்டார்ட்டர் சுத்தினா, இன்ஜினோட சேர்ந்து சக்கரமும் சுத்தும். அதுக்காக ஒழுங்கான கிட்ல ஒரு ஏற்பாடு வெச்சிருக்காங்க. ரொம்ப அழகான ஏற்பாடு. இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஹேண்ட்பிரேக் போட்டு, ரிமோட்டை அமுக்கி, சாவியை எடுக்கணும். இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க இறங்கிக் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம்தான் அது தானா நிக்கும். கிளட்ச்ல கால் இல்லாம, ஆளே இல்லாம, இன்ஜின் ஓடிச்சுன்னா கியர் நியூட்ரல்லதான் இருக்கணும். சென்சாரே இல்லாம கண்டுபிடிச்சாச்சு பாருங்க. அதுக்கப்புறம் எந்தக் கதவு திறந்தாலும் அந்த உத்தரவாதம் ரத்து, ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்யாது. யாரோ உள்ள போயிருக்கான், கியரை மாத்தியிருக்கலாம்.

என் கிட்லயும் இது இருந்துச்சு. பெட்டிக்குள்ள ஒரு சின்ன ஜம்பர். ஒரு பக்கம் போட்டா மேனுவல் கார், இந்த விதி பூராவும் உண்டு. இன்னொரு பக்கம் போட்டா ஆட்டோமேட்டிக், விதி கிடையாது, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கான்னு மட்டும் பாக்கும். முதல்ல சரியாத்தான் மேனுவல்ல வெச்சேன். ஆனா பின்கதவு பின் சுவிட்ச் ஒண்ணு துருப்புடிச்சு விட்டு விட்டு வேலை செஞ்சுது. கதவு திறந்திருச்சுன்னு அது பொய் சொல்லும், உத்தரவாதம் ரத்தாகும், ரிமோட் ஸ்டார்ட் ஆகாது. ஞாயித்துக்கிழமை சாயந்தரம். ராத்திரி ரயில். அம்மா அப்பா ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறாங்க, டெமோ பாக்க. மூணு தடவை அமுக்கினேன், மூணு தடவையும் வண்டி கம்முனு நின்னுச்சு.

ஜம்பரைக் கழட்டி அந்தப் பக்கம் போட்டேன்.

பொட்டி தட்டுறவங்களுக்கு இது என்னன்னு நல்லாப் புரியும். டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆகுது, ரிலீஸ் தேதி வந்துடுச்சு, டெஸ்ட்டைக் கமென்ட் பண்ணிட்டு பில்டு போடுறது. அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம்னு. வண்டி சுகமா ஸ்டார்ட் ஆச்சு. அம்மா கை தட்டினாங்க. அப்பா மட்டும் கேட்டார், "கியர்ல இருந்தா?" "நியூட்ரல்லயே விட்டுட்டு ஹேண்ட்பிரேக் போடுங்கப்பா"ன்னு சொல்லிட்டு ரயிலுக்குக் கிளம்பிட்டேன். அவரும் சரின்னுட்டார்.

எங்க வாசல் தெருவைப் பாத்து சரிவு, மழைத்தண்ணி ஓடுறதுக்காக. வண்டியை வீட்டைப் பாத்து நிறுத்துவார். பின்சக்கரத்துக்குக் கீழ ஒரு செங்கல், ஹேண்ட்பிரேக், முதல் கியர். மூணும். பதினஞ்சு வருஷமா தினமும். நான் ஒரு வார்த்தை சொன்னதுக்காக மூணு வாரம் ஞாபகமா நியூட்ரல்ல விட்டிருக்கார். நாலாவது வாரம் நான் ஊருக்கு வந்திருந்தேன். அன்னைக்குக் காலையில பஞ்சு மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்தவர், வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு அவசரமா இறங்கினார். கை பழக்கத்துல கியரைப் போட்டுடுச்சு. அதுல அவர் தப்பு ஒண்ணுமே இல்லை. அது நல்ல பழக்கம்.

மத்தியானம் மூணரை. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பணும். நான் மாடியில சட்டை மாட்டிக்கிட்டு, ஜன்னல்கிட்டகூடப் போகாம, ரிமோட்டை எடுத்து அமுக்கினேன்.

எப்பவும் கேக்குற சத்தம் இல்லை. ஸ்டார்ட்டர் முக்குற மாதிரி ஒரு சத்தம், தரையில டயர் உரசுற சத்தம். அப்புறம் அம்மா "ஏய்ய்ய்"ன்னாங்க.

பால்கனிக்கு ஓடினேன். வண்டி மூக்குக்கும் வீட்டுப் படிக்கும் நடுவுல வேட்டி விரிச்சு கூழ் வத்தல் காயப் போட்டிருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி அள்ளி வெச்சுடலாம்னு அம்மா குனிஞ்சுக்கிட்டு இருந்திருக்காங்க. வண்டி ஒரு அடி முன்னாடி வந்து நின்னிருக்கு. வத்தல்ல பாதி சக்கரத்துக்குக் கீழ. அம்மா நிமிர்ந்து வண்டியைப் பாக்குறாங்க. உள்ள யாருமே இல்லை. அந்த ஆச்சரியத்துலயே அப்படியே நிக்கிறாங்க. நகரலை.

இங்கதான் எனக்கு மறந்துபோயிருந்த ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. முதல் தடவை இன்ஜின் புடிக்கலைன்னா பெட்டி விட்டுடாது. நாலஞ்சு செகண்டு காத்திருந்து மறுபடி முயற்சி பண்ணும். மொத்தம் மூணு தடவை. நான்தான் அதை ரெண்டுலேருந்து மூணாக்கி வெச்சிருந்தேன்.

"அம்மா தள்ளிப்போ!"ன்னு கத்தினேன். கத்துறப்பவே ரெண்டாவது தடவை ஸ்டார்ட்டர் சுத்திச்சு. வண்டி மறுபடி குதிச்சுது. அம்மா பின்னால போய் படியில தடுக்கி உக்காந்துட்டாங்க. முட்டுவலிக்காரங்க, டக்குனு எந்திரிக்க முடியாது. ரிமோட்டை நிறுத்தணும்னா பட்டனை மூணு செகண்டு அமுக்கிப் புடிக்கணும். தெரியாம கை பட்டு இன்ஜின் நின்னுடக்கூடாதுன்னு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. நான் பட்டனைப் படபடன்னு தட்டிக்கிட்டு இருக்கேன். தட்டத் தட்ட அது முதல்லேருந்து எண்ணும். அப்பா உள்ளேருந்து ஓடி வந்து கதவைப் புடிச்சு இழுக்குறார். கதவு பூட்டியிருக்கு. நாலு கதவும். நான் மாட்டின மோட்டார், நல்லாவே பூட்டியிருக்கு.

மூணாவது தடவை இன்ஜின் புடிச்சுக்கிச்சு.

படிக்குப் பக்கத்துல, சுவரை ஒட்டி எங்க ஆச்சியோட ஆட்டுரல் கிடக்கு. வெட் கிரைண்டர் வந்ததுலேருந்து அதுல யாரும் மாவாட்டினது இல்லை. தூக்கிப் போட ஆள் கிடைக்காம அங்கயே இருக்கு. வண்டியோட இடது முனை அதுல போய் மோதுச்சு. பம்பர் படார்னு வெடிச்சுது. ஆட்டுரல் அசையலை. இன்ஜின் ரெண்டு உதறு உதறி நின்னுபோச்சு. பம்பருக்கும் அம்மா கால் விரலுக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருந்தா அதிகம். அப்புறம் இண்டிகேட்டர் மூணு தடவை நிதானமா மின்னிச்சு. ஸ்டார்ட் ஆகலைன்னு எனக்குத் தகவல் சொல்லுதாம்.

நான் படியிறங்கி வர்றதுக்குள்ள அப்பா அம்மாவைத் தூக்கி உக்கார வெச்சிருந்தார். அடி எதுவும் இல்லை, உள்ளங்கையில சிராய்ப்பு. அம்மா முதல்ல சொன்னது, "ரெண்டு படி அரிசி வத்தல்டா." அப்புறம் என்னைப் பாத்துட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லய்யா, நீ ஏன் அழுவுற?" நான் அழுதது எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது.

அப்பா ஒண்ணுமே பேசலை. என்கிட்ட சாவியை வாங்கி, கதவைத் திறந்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, நானும் அவருமா வண்டியைப் பின்னால விட்டோம். மறுபடி முதல் கியர் போட்டார். செங்கல்லை எடுத்து பின்சக்கரத்துக்குக் கீழ உதைச்சு வெச்சார். ஸ்டியரிங்குக்குக் கீழ படுத்து ரிமோட் ஸ்டார்ட் பெட்டியோட ஃப்யூஸைப் புடுங்கினார். நீல நிற பதினஞ்சு ஆம்பியர். சட்டைப்பையில போட்டுக்கிட்டு உள்ள போயிட்டார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில அவராத்தான் ஆரம்பிச்சார். திட்டுவார்னு பாத்தா, கதை சொன்னார். அவரோட தாய்மாமா அம்பாசடர் டாக்ஸி ஓட்டினவர். பேட்டரி வீக்கா இருக்கிற காலையில முன் பம்பர் ஓட்டையில ஹேண்டில் விட்டு சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணுவாராம். ஹேண்டிலைத் தொடுறதுக்கு முன்னாடி வண்டிக்குள்ள கையை விட்டு, ஸ்டியரிங்கை ஒட்டி இருக்குற கியர் கம்பியை ஆட்டிப் பாப்பாராம். ஒரு நிமிஷம் முன்னாடி அவரேதான் நியூட்ரலாக்கியிருப்பார், இருந்தாலும் ஆட்டிப் பாப்பாராம்.

"ஏன்னா வண்டிக்கு முன்னால நிக்கப் போறது அவர்ல. நீ மாடியில நின்ன."

நெட்ல அப்புறம் படிச்சேன், ஸ்டார்ட்டர் மோட்டாரே அந்த ஹேண்டிலால வந்ததுதானாம். ஹேண்டில் திருப்பி அடிச்சு கை ஒடிஞ்சவங்க எத்தனையோ பேர். கெட்டரிங்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் மின்சார ஸ்டார்ட்டர் பண்ணி, 1912 காடிலாக் கார்ல அது வந்துச்சு. அதோட வண்டிக்கு முன்னால நின்னவன் உள்ள வந்து உக்காந்தான். நூறு வருஷம் கழிச்சு நான் அவனை மாடிக்கு அனுப்பினேன்.

மில்லுலயும் அப்படித்தானாம். மெஷின்ல கை வைக்கப் போறவன் முதல்ல ஃப்யூஸ் கேரியரைப் புடுங்கித் தன் சட்டைப்பையில போட்டுக்கணும். மேஜை மேல வெச்சுட்டுப் போகக்கூடாது, யாராவது நல்லெண்ணத்துல எடுத்து மாட்டிடுவான். யார் கை உள்ள இருக்கோ, அவன் பையிலதான் ஃப்யூஸ் இருக்கணும். "நல்லெண்ணத்துல"ன்னு சொல்றப்போ என் பக்கம் பாக்கலை.

அடுத்த நாள் ஒளிச்சு வெச்ச ரெண்டாவது சாவியை வெளிய எடுத்தேன். ரிமோட் ஸ்டார்ட் வயர்களைச் சாவி சுவிட்சுலேருந்து ஒண்ணொண்ணா வெட்டி, வெட்டின முனைகளுக்கு ட்யூப் போட்டு மூடினேன். பின்கதவு சுவிட்சை மாத்தினேன், நாப்பது ரூபாய். நாலு வாரம் முன்னாடி மாத்தியிருக்க வேண்டிய நாப்பது ரூபாய். அலாரம் மட்டும் இருக்கு, ஒழுங்கா வேலை செய்யுது. வெயில் காலத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் போறப்போ கிளம்புறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி நானே போய், கியரை ஆட்டிப் பாத்துட்டு, உள்ள உக்காந்து வேர்க்க விறுவிறுக்க ஏ.சி. போட்டு வைக்கிறேன். அம்மா வந்து ஏறி, "ஜில்லுனு இருக்குய்யா"ம்பாங்க.

பம்பரை மாத்தலாம்னு சொன்னேன். வேணாம்னுட்டார் அப்பா. வெடிப்புல ரெண்டு ஓட்டை போட்டு செப்புக் கம்பியால தைச்சு வெச்சிருக்கார். ஆட்டுரலைத் தூக்கிட்டுப் போக ஒருத்தர் வந்தார், அதையும் குடுக்கலை.

போன மாசம் துணி துவைக்கிறப்போ அம்மா அவர் சட்டைப்பையிலேருந்து நீலமா ஒண்ணை எடுத்து, "இது என்ன, தூக்கிப் போட்டுரவா?"ன்னாங்க. "அங்கயே வை"ன்னார். காய வெச்சு, அடுத்த சட்டையில போட்டுக்கிட்டார்.

டிஸ்கி: வத்தல் மறுபடி போட்டாச்சு. இந்தத் தடவை மொட்டை மாடியில.